நீலக் கேட் வரைக்கும்

ஷெரின், போன கிழமை நீங்கள் போனில் ஒரு மஞ்சள் கேட்டின் படத்தைக் காட்டி, இந்த நத்தார்ப் பண்டிகைக்கு நம்மட கேட்டுக்கும் இந்தக் கலர் அடிப்பமா என்று கேட்டீர்கள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டதற்கு, நீலத்தில் அழுக்குத் தெரியாது என்றேன். அது பொய். நீலத்தில் தான் ரோட்டுப் புழுதி நன்றாகத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் துடைக்கிறவன் நான், எனக்குத் தெரியாதா? பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உங்கள் அம்மா பைப்பை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து டிலான் வாயைத் திறந்தார். த்ரீவீல் ஸ்டாண்டில் நிற்கிற அண்ணாமார் எங்கள் வீட்டை "போடர் வீடு", அதாவது எல்லையில் நிற்கிற வீடு, என்று சொல்கிறார்களாம். பெரிய ஆட்கள் வைத்த போடராம். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் தள்ளினபோது, "என்ட வீடு எது எண்டு தெரியுமா?" என்று இவர் கேட்டாராம், அவன் பயந்து போய்விட்டானாம். சொல்லும்போது மகனின் முகத்தில் அவ்வளவு பெருமை. நான் பாதிச் சோற்றில் எழும்பிவிட்டேன்.

நேரே இருந்து இதைச் சொல்ல எனக்கு வராது. நான் ஓ.எல். வரைக்கும் தான் படித்தவன். ஒருகொடவத்தை யார்ட்டில் வருகிற போகிற கன்டெய்னர்களின் நம்பரைப் பார்க்கிற வேலை. எழுத்து திருத்தமாக இருக்காது. ஆனால் எழுதத் தொடங்கினால் பாதியில் எழும்பி டிவியைப் போட முடியாது. அதனால் எழுதுகிறேன்.

ஒரு மனிதரைப் பற்றித் தான் சொல்லவேண்டும். அவருடைய பெயரை எழுதமாட்டேன். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. எங்கள் வீட்டுக்கு முன்வீட்டில் இருந்தவர். உங்களுக்கு அவரைத் தெரியாது. ஷெரின் பிறப்பதற்கு முன்பே இந்தக் கொட்டாஞ்சேனையை விட்டு வத்தளைக்குப் போய்விட்டார்.

ஒல்லியான ஆள். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேர்ட், மேல் பட்டன் வரை பூட்டியிருப்பார். சத்தமாகப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. பின்னேரம் தேத்தண்ணிக் கடையில், உள்ளே மீன் வைத்த மாலுபாண் ஒன்று வாங்குவார். தனியே சாப்பிடவே மாட்டார். பக்கத்தில் யார் இருந்தாலும் சரி, இரண்டு பெருவிரலையும் நடுவில் வைத்து மெதுவாகப் பிய்ப்பார். இரண்டு துண்டையும் தூக்கிப் பார்ப்பார். ஒன்று கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டால் அதை மற்றவருக்குக் கொடுப்பார். மீனும் சரியாகப் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பார். கடைக்காரர், "ஐயா, ரெண்டு வாங்கினா இந்தக் கரைச்சல் இல்லையே" என்று பகிடி பண்ணுவார். "ரெண்டு வாங்கினா அது வெறும் தீன், முதலாளி" என்பார் இவர்.

துறைமுகத்தில் வேலை செய்தவர். எந்தக் கப்பலுக்கு எந்தக் கூட்டத்து ஆட்களை இறக்குவது என்று பிரித்துக் கொடுக்கிறது தான் வேலை. அவர் இருந்த காலத்தில் அந்த இடத்தில் ஒரு அடிதடி கூட வரவில்லை என்று என் அப்பா சொல்லுவார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் ரோட்டுக்குப் பின்னால், தோட்டம் என்று சொல்கிற குடியிருப்பில் இரண்டு வரிசை வீடுகள், நடுவில் ஒரே ஒரு பைப். காலையில் வாளிச் சண்டை. ஒரு நாள் ஒரு பொம்பிளை மற்றவவின் நெற்றியை வாளியால் உடைத்துவிட்டார். இவர் போய்ப் பிரித்துவிட்டார். எப்படித் தெரியுமா? மணிக்கூட்டை வைத்து இல்லை. ஒரு வீட்டு மணிக்கூடு போல மற்ற வீட்டு மணிக்கூடு ஓடாது என்றார். ரேடியோவில் காலைச் செய்தி தொடங்கும் வரைக்கும் இடப்பக்க வீடுகள், செய்தி முடிந்த பிறகு வலப்பக்க வீடுகள். செய்தி போகிற நேரம் கிழவர்களுக்கும் பிள்ளைத்தாச்சிகளுக்கும். ரேடியோச் சத்தம் எல்லா வீட்டுக்கும் கேட்கும், ஒருவரும் ஏமாற்ற முடியாது. செய்தி வாசிக்கிறவருக்குத் தடிமன் பிடித்து இருமினால் தான் கிழவர்களுக்குக் கொஞ்சம் கூடத் தண்ணி கிடைக்கும் என்று சனம் சிரித்தது. ஆனால் சண்டை நின்றுவிட்டது.

அவர் எதையும் கடதாசியில் எழுதமாட்டார். நான் ஒரு முறை கேட்டேன். "எழுதினதை ஒளிக்கலாம் மல்லி. எல்லாரும் பார்க்கிறதை ஒளிக்கேலாது" என்றார். சிங்களத்தில் தம்பி என்கிற மாதிரி, என்னை மல்லி என்று தான் கூப்பிடுவார்.

எனக்கு அவரைப் பிடிக்கும். அதை மறைத்து எழுதினால் இது இன்னொரு பொய்யாகிவிடும். ஊரடங்கு போட்ட நாட்களில் எங்கேயோ சந்து பொந்தால் போய் ஒரு இறாத்தல் பாண் கொண்டுவந்து, எங்களுக்குப் பாதி, பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்துக்குப் பாதி வெட்டிக் கொடுத்தவர் அவர். தனக்கு வைத்தாரா என்று எனக்குத் தெரியாது.

அந்தக் காலம் எங்கள் ரோட்டில் இரண்டு கோஷ்டி. ஒன்று கோவில் பக்கத்து ஆட்கள். மற்றது துறைமுகப் பக்கத்து ஆட்கள். இரண்டிலும் தமிழ், சிங்களம், முஸ்லிம் எல்லாரும் இருந்தார்கள். அந்த விஷயத்தில் மட்டும் நல்ல ஒற்றுமை. கடைகளில் கப்பம் எடுப்பார்கள். கப்பம் என்றால், கடையை உடைக்காமல் விடுவதற்காகக் கடைக்காரர் கொடுக்கிற காசு. காலையில் ஒரு கோஷ்டி எடுத்துக்கொண்டு போனால் பின்னேரம் மற்றது வந்து நிற்கும். பிறகு இரண்டும் ரோட்டில் வாளோடு மோதும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளைத் தாய்மார் ஓடிப்போய் இழுத்துக்கொண்டு, யாருடைய வீடென்று பார்க்காமல் கிடைத்த வாசலுக்குள் புகுவார்கள். அப்படி இருந்தது.

அப்போது அவர் அடிக்கடி ஒரு கதை சொல்லுவார். ஐம்பதாம் ஆண்டுகளில், அவர் துறைமுகத்தில் புதிதாகச் சேர்ந்த காலம், அமெரிக்கக் கப்பல் ஒன்றில் வந்த சமையல்காரன் அவருக்குச் சொன்னதாம். அந்த நாட்டிலும் சண்டியர்கள். ஆனால் குடும்பம் குடும்பமாக இருக்கிற சண்டியர்கள். ஆளையாள் சுட்டுக் களைத்துப் போய், கடைசியில் பெரியவர்கள் எல்லாரும் ஒரு மேசையில் இருந்து, சாப்பிட்டுக்கொண்டே நாட்டைப் பிரித்தார்களாம். இந்த நகரம் இந்தக் குடும்பத்துக்கு, அந்த நகரம் அந்தக் குடும்பத்துக்கு. ஒரு பெரிய நகரத்தை மட்டும் ஐந்து குடும்பத்துக்கு. சூதாட்டமும் கடற்கரையும் உள்ள ஓரிரண்டு ஊரை ஒருவருக்கும் கொடுக்காமல் "திறந்த ஊர்" என்று விட்டார்களாம், சண்டை வரக்கூடாது என்று. இதைச் சொல்லும்போது அவருடைய விரல் எங்கள் மேசைச் சீலையில் சிந்தின தேத்தண்ணியைத் தொட்டு கோடு கீறும்.

"சுட்டவனைப் பற்றி எல்லாரும் படம் எடுக்கிறாங்கள் மல்லி. மேசையைப் போட்டவனைப் பற்றி ஒருத்தனும் எடுக்கேல்லை" என்பார்.

அந்த மேசையை அவர் எங்கள் வீட்டில் போட்டார்.

இரண்டு கோஷ்டியும் மற்றவனுடைய இடத்துக்குப் போகமாட்டார்கள். எங்கள் வீடு ரோட்டின் நடுவில். அப்பாவால் மாட்டேன் என்று சொல்ல முடியாது என்று நான் பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் அப்பா அன்றைக்கு நல்ல சேர்ட் போட்டுக்கொண்டார். எனக்கு அப்போது இருபது வயதுக்கு மேல், வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். நானும் தலை சீவிக்கொண்டு நின்றேன். அம்மா மட்டும் குசினியை விட்டு வெளியே வரவில்லை. தேத்தண்ணியை நான் தான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

பேச்சு அதிக நேரம் எடுக்கவில்லை. அவர் ஒரு நெருப்புப் பெட்டியைக் களனி ஆறு மாதிரி குறுக்கே வைத்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வத்தளை கோவில் பக்கத்து ஆட்களுக்கு. லொறிகள் நிற்கிற ஒருகொடவத்தை துறைமுகப் பக்கத்து ஆட்களுக்கு. கொட்டாஞ்சேனை இரண்டு பேருக்கும். எங்கே பிரிப்பது? வெளியே எட்டிப் பார்த்தார். எங்கள் கேட் நீலமாக நின்றது.

அந்த நீலம் என் அம்மா அடித்தது. அக்காவுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்து பிழைக்கமாட்டாள் என்று சொன்ன நேரம், பிள்ளை எழும்பினால் வாசலுக்கு உன் நிறம் அடிப்பேன் என்று மாதாவுக்கு நேர்ந்தவர். அக்கா எழும்பினாள். ரோடு முழுக்க அந்த நீலத்தில் வேறு கேட் இல்லை.

"நீலக் கேட் வரைக்கும் உங்கட. நீலக் கேட்டுக்கு இங்கால இவையின்ட" என்று கோவில் பக்கத்து ஆட்களைப் பார்த்துச் சொன்னார் அவர். அவ்வளவு தான்.

வெள்ளவத்தை என்ன என்று ஒருவன் கேட்டான். அங்கே கடை அதிகம், அதைப் பிரிக்கப் போனால் திரும்பவும் சண்டை வரும் என்று இவருக்குத் தெரியும். "வெள்ளவத்தையை விடுங்க. அது திறந்த ஊர்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். அவர்கள் போன பிறகு என் அப்பா, வெள்ளவத்தைச் சனத்துக்காவது நிம்மதி என்று சொன்னார். திறந்த ஊர் என்றால் ஒருவரும் தொடாத ஊர் என்று நாங்கள் நினைத்தோம்.

அதற்குப் பிறகு ரோட்டில் வாள் வெளியே வரவில்லை. கடைக்காரர்கள் ஒரு கோஷ்டிக்கு மட்டும் கொடுத்தால் போதும், அதனால் அவர்களுக்கும் சந்தோஷம். கோவில் திருநாளில் அவருக்கு முன்வரிசை வாங்கில் இடம் விட்டார்கள். எங்கள் வீட்டுக்கு இன்னும் ஒரு வசதி வந்தது. கோட்டில் இருக்கிற வீடு என்பதால் எங்கள் வாசலில் ஒருவரும் காறித் துப்பக்கூட இல்லை. அப்பா பின்னேரங்களில் கேட்டைத் திறந்து வைத்து, கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். எனக்கும் அது பிடித்திருந்தது. டிலான், பள்ளிக்கூடத்தில் நீங்கள் அந்தப் பையனிடம் கேட்ட கேள்வியை நானும் ஆட்களிடம் கேட்டிருக்கிறேன். அதே மாதிரி.

பிறகு அக்காவின் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வீடியோக்காரனையும் கொண்டு வருகிறார்கள். கேட்டின் நீலம் அங்கங்கே உரிந்திருந்தது. நேர்த்தி அக்காவுக்காக, அவளே கட்டிக்கொண்டு போகிறாள், இனி நேர்த்தி முடிந்தது என்று அம்மா சொன்னார். அப்பா கிறீம் நிறம் அடித்தார். பெயின்ட் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். எங்களில் ஒருவருக்கும் அந்த மேசையின் நினைப்பு வரவில்லை. நாலைந்து வருஷம் நிம்மதியாக இருந்தால் அந்த நிம்மதி எங்கே இருந்து வந்தது என்று மறந்துவிடும்.

எங்கள் வீட்டில் இருந்து கோவில் பக்கம் கொஞ்சம் போனால் சலூன் இருக்கிறது. நீங்கள் முடி வெட்டுகிற அதே சலூன், டிலான். இப்போது மகன் வெட்டுகிறார். மூலையில் கதிரையில் ஒரு கிழவர் பேப்பர் பார்த்துக்கொண்டு இருப்பாரே, அவருடைய கடை. அந்தக் காலம் அவர் நல்ல வாட்டசாட்டமான ஆள். கத்தரிக்கோல் சத்தத்திலேயே பாட்டுப் போடுவார். அவருடைய கடைக் கதவு நீலம்.

கல்யாணம் முடிந்த அதே கிழமை துறைமுகப் பக்கத்து ஆட்கள் அந்தக் கடைக்குப் போனார்கள். இனிமேல் எங்களுக்குக் கொடு என்றார்கள். தான் கோவில் பக்கத்து ஆட்களுக்குக் கொடுக்கிறேன், நீலக் கேட்டுக்கு அங்கால தானே உங்களுடையது என்று அவர் சொன்னார். எந்த நீலக் கேட், காட்டு என்றார்கள். அவர் அவர்களைக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்து கையை நீட்டினார். அங்கே எங்கள் கேட் கிறீம் நிறத்தில், கல்யாணத்துக்குக் கட்டின பிளாஸ்டிக் பூவோடு நின்றது. ரோட்டில் மிச்சமிருந்த ஒரே நீலம் அவருடைய கதவு தான். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் எல்லாம் எங்களுடையது என்றார்கள். அவர் வாதாடினார். அந்த நீலக் கதவின் இடுக்கில் அவருடைய வலது கையை வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

நான் வேலைக்குப் போயிருந்தேன். அப்பா வீட்டில் இருந்தவர். சத்தம் கேட்டதாம். கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே வந்ததாகத் தான் சொன்னார்.

அடுத்த நாள் காலையில் முன்வீட்டு மனிதர் ஒரு சின்ன டின் நீலப் பெயின்ட்டும் தூரிகையும் கொண்டு வந்தார். ஒருவரையும் கேட்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மேலிருந்து கீழே, ஒரு கம்பி தவறாமல் அடித்தார். வெள்ளைச் சேர்ட்டில் ஒரு பொட்டு விழவில்லை. முடித்த பிறகு சலூன்காரரைக் கூட்டிவரச் சொன்னார். அவர் கையில் கட்டோடு வந்து நின்றார். அப்பாவும் நானும் கேட்டுக்கு உள்ளே. ரோட்டில் சனம்.

அவருக்குக் கோபமே இல்லை. மாலுபாண் பிய்க்கிற முகம்.

"பிழையைப் பிரிப்பம்" என்றார். "சொல்லாமல் நிறம் மாத்தினது இந்த வீட்டின்ட பிழை. அது பாதி. இந்த நீலம் கோட்டுக்கு எண்டு தெரிஞ்சும் கதவில வைச்சிருந்தது உங்கட பிழை. அது பாதி. ரெண்டு பேரும் ஏத்துக்கொண்டால் இது இதோட முடியும்."

அப்பா உடனே ஓம் என்றார். மருந்துச் செலவில் பாதியை நாங்கள் கொடுத்தோம். மற்றப் பாதியை, கை போன மனிதரே கொடுத்தார். பிழை முழுதாகப் பிரிந்து முடிந்துவிட்டது. கதவைச் சாத்தினவர்களுக்கு அதில் ஒரு துண்டும் போகவில்லை.

சலூன்காரர் கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் ஏந்திக்கொண்டார். கேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். அந்தக் கை திரும்பவும் கத்தரிக்கோலைச் சரியாகப் பிடிக்கவில்லை. வீட்டுக்குள் வந்து அப்பா, நல்ல வேளை பாதியோட போச்சு என்று பெருமூச்சு விட்டார். எனக்கும் அப்படித் தான் இருந்தது. எவ்வளவு நியாயமான மனிதர் என்று நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. கை சலூன்காரருடையது, நிம்மதி எங்களுடையது.

அதற்குப் பிறகு எங்கள் ரோட்டில் ஒருவரும் எதையும் மாற்றவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரர் பழைய போர்ட்டைக் கழற்றப் பயந்தார். ஒரு வீட்டில் சுவருக்கு வெளியே சாய்ந்த முருங்கை மரத்தை வெட்டவில்லை, அதுவும் ஏதாவது கோடாக இருக்குமோ என்று. சலூன்காரர் கதவில் இருந்த நீலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் பலகையாக விட்டார். இன்றைக்கும் அது வெறும் பலகை தான். நாங்கள் மட்டும் ஒவ்வொரு நத்தாருக்கும் புதிதாக நீலம் அடித்தோம். அம்மா அதற்குப் பிறகு அந்தக் கேட்டடியில் நின்று சிலுவை போட்டதை நான் காணவில்லை.

திறந்த ஊர் என்றால் என்ன என்று எனக்குச் சொன்னது உங்கள் அம்மாவின் அப்பா. பெண் பார்க்க வெள்ளவத்தைக்குப் போனபோது, எந்த ரோட் என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு அங்கே சாரிக் கடை இருந்தது, காலி வீதியில் இருந்து உள்ளே இறங்குகிற ஒழுங்கையில். "அப்ப உங்கட பக்கம் பிரிச்சாச்சு, என்ன தம்பி?" என்றார். பிறகு, "எங்கட பக்கம் திறந்து விட்டிருக்கு. திறந்த ஊர் எண்டால் ரெண்டு பேரும் வரலாம் எண்டு தானே? ரெண்டு பேரும் வருகினம்" என்றார். பெண்ணும் தந்தார். ஆனால் எங்கள் ரோட்டில் எடுக்க முடியாமல் போனதை இரண்டு கோஷ்டியும் அவருடைய கடையில் எடுத்தார்கள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது. என் அப்பா கதிரை போட்டு உட்கார்ந்திருந்த அந்தப் பின்னேரங்களுக்கு உங்கள் அம்மாவின் வீடு கப்பம் கட்டியது. சில வருஷத்தில் அம்மாவின் அப்பா கடையை மூடிவிட்டு, பாமன்கடையில் ஒரு மேல்வீட்டுக்கு மாறி, இன்னொருவருடைய கடையில் கணக்கு எழுதினார். இதை உங்கள் அம்மா ஒரு நாளும் எனக்குக் குத்திக் காட்டவில்லை. பைப்பை மூடிவிட்டுப் பார்ப்பார், அவ்வளவு தான்.

முன்வீட்டு மனிதரைக் கடைசியாக வத்தளையில் அவருடைய மகள் வீட்டில் பார்த்தேன். படுக்கையில். ஆளை மட்டுக்கட்டவே கஷ்டமாக இருந்தது. என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "கேட் நீலம் தானே மல்லி?"

"ஓம் ஐயா" என்றேன். சந்தோஷமாகச் சொன்னேன். கேட்ட வேலையைச் சரியாகச் செய்த ஆள் மாதிரி. மகள் கொண்டுவந்து வைத்த பிஸ்கட்டை உடைத்து, இரண்டையும் தூக்கிப் பார்த்து, பெரியதை எனக்குத் தந்தார். நான் சாப்பிட்டேன்.

எல்லாம் செய்தது தன் லாபத்துக்கா என்று கேட்டால், இல்லை. அவருக்கு ஒரு சதம் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. சண்டை வரக்கூடாது என்பது மட்டும் தான் அவருக்கு. யாருடைய பொருளைப் பிரிக்கிறோம் என்று மட்டும் அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. செத்த வீட்டுக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் மலர் வளையம் அனுப்பியிருந்தார்கள். இரண்டும் ஒரே அளவு. உயிரோடு இருந்தால் அதைப் பார்த்துத் திருப்திப்பட்டிருப்பார்.

இப்போது அந்தக் கோஷ்டிகள் இல்லை. வேறு ஆட்கள், வெளிநாட்டில் இருந்து போனில் பேசுகிறார்களாம். ஆனால் கோடு இருக்கிறது. கோவில் பக்கத்து த்ரீவீல் எங்கள் கேட்டைத் தாண்டி ஆள் ஏற்றாது. துறைமுகப் பக்கத்து த்ரீவீலும் அப்படித் தான். ஏன் என்று அந்தப் பையன்களுக்கே தெரியாது. டிலான் மஞ்சள் பெயின்ட் கதையை ஸ்டாண்டில் சொல்லிவிட்டார் போல. மூன்று நாளைக்கு முன் வேலை முடிந்து வரும்போது ஒருவன் என்னை நிறுத்தினான்.

"அண்ணே, கேட்டுக்குக் கலர் மாத்தப் போறீங்களாம். அப்ப நாங்க எங்க திருப்புறது?"

சிரித்துக்கொண்டு தான் கேட்டான். ஆனால் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றான். நான் நீலம் தான் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அந்த நேரம் டிலான் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது இருந்த முகம் ஞாபகம் வந்தது. என் முகம் தான் அது. "தெரியாது தம்பி" என்றேன். "நீங்க தான் பாக்கவேணும்."

வீட்டுக்கு வரவில்லை. நேரே சலூனுக்குப் போனேன். முடி வெட்ட இல்லை. மூலையில் இருந்த கிழவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷமும் அந்தக் கடையில் முடி வெட்டியிருக்கிறேன், அந்தக் கையைப் பற்றி ஒரு வார்த்தை அவரோடு பேசினதில்லை. அவரும் பேசினதில்லை. கேட்டுக்கு மஞ்சள் அடிக்கலாமா என்று பிள்ளை கேட்கிறாள், என்ன செய்யலாம் என்று உங்களிடம் கேட்க வந்தேன், வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் அடிக்கமாட்டேன் என்றேன். கதிரையில் இருந்த ஆளின் தலையில் கிழவரின் மகன் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டார்.

கிழவர் பேப்பரை மடித்தார். ஒரு கையால் மடிக்கிறதால் நேரம் எடுத்தது.

"இந்த முறை சொல்லிட்டுச் செய்யிறீங்க" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அந்தப் பேச்சில் குத்தல் இருந்ததா என்று எனக்கு இன்னும் தெரியாது. இருந்தால் அது எனக்கு வரவேண்டியது தான், அதில் பாதி என்று இல்லை.

எழும்பி வெளியே வரும்போது பின்னால் கூப்பிட்டார். "தம்பி, மஞ்சள் மிஞ்சினா கொஞ்சம் தாங்க. என்ட கதவும் கன காலமா வெறுமையாக் கிடக்குது."

ஷெரின், நேற்று ஹாட்வெயார் கடையில் இருந்து நான் கொண்டுவந்து படிக்குக் கீழே வைத்த டின்னைப் பார்த்துவிட்டு, ஒரு கேட்டுக்கு இவ்வளவு பெரிய டின்னா, அப்பாவுக்குக் கணக்குத் தெரியாது என்று சிரித்தீர்கள். கணக்குத் தெரிந்து தான் வாங்கினேன். ஒரு கதவுக்கும் சேர்த்து.

என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் நடக்காமலும் போகலாம். பயமில்லை என்று சொன்னால் அதுவும் பொய், இந்த எழுத்தில் போதிய பொய்யை ஒத்துக்கொண்டுவிட்டேன். டிலான், உங்களைத் தள்ளின அந்தப் பையனிடம் திங்கட்கிழமை போய், எங்கள் வீடு சும்மா ஒரு வீடு என்று சொல்லுங்கள். வெட்கமாக இருக்கும். இருக்கட்டும்.

சனிக்கிழமை காலையில் அடிப்போம். நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கு உள்பக்கம் நின்று அடியுங்கள். ரோட்டுப் பக்கம் நான் அடிக்கிறேன்.